வேலை தேடிய ராமானுஜன்

கணித மேதை ராமானுஜன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரு கடிதம். 1913 ஜனவரி 16 அன்று சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதியது. அந்தக் கடிதத்தைப் பற்றிப் புத்தகங்கள் வந்துவிட்டன, படமும் வந்துவிட்டது.

அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, 1912 பிப்ரவரி 9 அன்று, அவர் எழுதிய இன்னொரு கடிதம் இருக்கிறது. அதில் கணிதச் சூத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. சென்னை போர்ட் டிரஸ்டில் ஒரு குமாஸ்தா வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைத் தனக்குத் தரும்படி கேட்ட சாதாரண விண்ணப்பம். இந்தக் கடிதத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆனால் இது இல்லாமல் ஹார்டிக்குப் போன கடிதம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ராமானுஜனின் கணிதத்தைப் புரிந்துகொள்ள கணிதம் படித்திருக்க வேண்டும். அவர் வேலை தேடிய கதையைப் புரிந்துகொள்ள அது தேவையில்லை. டிகிரி இல்லாமல், மார்க் இல்லாமல், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சுமார் நான்கு வருடம் கதவு கதவாகத் தட்டிய ஓர் இளைஞனின் கதை அது. யார் யார் கதவைத் திறந்தார்கள், ஏன் திறந்தார்கள், அவர் எங்கே சரியாகப் பேசினார், எங்கே தடுமாறினார் என்று பார்த்தால் இன்றைக்கு பயோடேட்டா தயாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

மார்க் ஷீட்

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. வீட்டில் வறுமை. டவுன் ஹைஸ்கூலில் படித்தவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. 1904-ல் பள்ளிப் படிப்பை முடிக்கும்போது கணிதத்துக்குப் பரிசு, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படிக்க உதவித்தொகை என்று எல்லாம் நன்றாகவே நடந்தது.

கல்லூரியில்தான் சறுக்கல் ஆரம்பித்தது. கணிதம் ஒன்றைத் தவிர வேறு எதையும் அவரால் படிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியல் பாடம் அவருக்கு எமனாக வந்து வாய்த்தது. 1906 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வு எழுதினார், ஃபெயில். 1907-ல் மறுபடி எழுதினார், மறுபடியும் ஃபெயில்.

எஃப்.ஏ. என்பது அந்தக் காலத்தில் பட்டப் படிப்புக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு. அதைத் தாண்டாவிட்டால் பி.ஏ. கிடையாது. பி.ஏ. இல்லையென்றால் கௌரவமான அரசு வேலை கிடையாது. ஆக, இருபது வயதில் ராமானுஜனின் கையில் இருந்த தகுதி மெட்ரிகுலேஷன் மட்டும்தான். அதோடு ஒரு நோட்டுப் புத்தகம். 1903-ல் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் அவர் கையில் கிடைத்திருந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், விளக்கம் மிகக் குறைவு. அதே பாணியில் தான் கண்டுபிடித்த முடிவுகளை மட்டும், வழிமுறை இல்லாமல், அந்த நோட்டில் எழுதிக்கொண்டே போனார்.

இந்தப் பழக்கம் பின்னால் அவரைப் பாடாய்ப்படுத்தப் போகிறது. அதை அப்புறம் பார்ப்போம்.

வேலை ஏன் தேவைப்பட்டது

1909 ஜூலை 14 அன்று ராமானுஜனுக்கும் ஜானகிக்கும் திருமணம் நடந்தது. திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு இப்போது குடும்பம் என்று ஒன்று வந்துவிட்டது. டியூஷன் எடுத்துப் பார்த்தார். பாடத்திட்டத்தில் இருப்பதை விட்டுவிட்டு முடிவிலி பற்றிப் பேசத் தொடங்கிவிடும் வாத்தியாரை யார் வைத்துக்கொள்வார்கள்? அது நிலைக்கவில்லை.

1910-ல்தான் உண்மையான வேலை தேடல் ஆரம்பித்தது. அப்போது அவர் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். கண்ணில் பட்ட அலுவலகத்தில் எல்லாம் ஏறி இறங்கவில்லை. தன் நோட்டைப் பார்த்தால் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

திருக்கோயிலூர்: வேலை கொடுக்காத அதிகாரி

அப்படி அவர் முதலில் போய்ச் சேர்ந்த இடம் திருக்கோயிலூர். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். வருவாய்த் துறை அதிகாரி, ஆனால் மனசு முழுக்கக் கணிதம்.

ராமானுஜன் கேட்டது பெரிய உத்தியோகம் எதுவும் இல்லை. அவருடைய அலுவலகத்தில் ஒரு சின்ன குமாஸ்தா வேலை. ராமசாமி ஐயர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, வேலை தர மறுத்துவிட்டார்! வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் ஓர் இடம் கொடுத்து இந்தத் திறமையை மூச்சுத்திணற வைக்க தனக்கு மனம் இல்லை என்று பின்னாளில் அதற்குக் காரணம் சொன்னார்.

வெறும் கையோடு அவர் அனுப்பவில்லை. சென்னையில் கணிதம் தெரிந்தவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அதில் ஒருவர் மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் பி.வி. சேஷு ஐயர். கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் நடத்தியவர். அவர் இன்னொரு கடிதம் கொடுத்தார். அது நெல்லூர் கலெக்டரும் கணிதச் சங்கத்தின் முக்கியப் பொறுப்பாளருமான ஆர். ராமச்சந்திர ராவுக்கு.

இன்றைக்கு நெட்வொர்க்கிங் என்று வகுப்பு எடுக்கிறார்கள். 1910-ல் அதற்குப் பெயர் இல்லை. ஆனால் நடந்தது அதேதான். கேட்ட வேலை கிடைக்காத ஓர் இடத்திலிருந்து அடுத்த இரண்டு கதவுகளுக்கு வழி பிறந்தது.

நெல்லூர் கலெக்டரின் இன்டர்வியூ

ராமானுஜன் வாழ்க்கையில் இன்டர்வியூ என்று சொல்லத்தக்க ஒன்று நடந்திருக்கிறது என்றால் அது ராமச்சந்திர ராவுடன் 1910-ன் கடைசியில் நடந்த சந்திப்புகள்தான். அதைப் பற்றி ராவ் பிற்காலத்தில் எழுதிய குறிப்பு மிகவும் சுவாரசியமானது.

முதல் பார்வையில் எதுவும் சாதகமாக இல்லை. குட்டையான, பருத்த உருவம். முகச் சவரம் இல்லை. சுத்தமும் போதாது. கண்கள் மட்டும் பளபளத்தன. கக்கத்தில் ஒரு நைந்துபோன நோட்டுப் புத்தகம். முதல் முப்பது வினாடியில் நல்ல எண்ணத்தை உருவாக்குங்கள் என்று சொல்லும் பயிற்சி வகுப்புகளின் அளவுகோலில் அவர் அப்போதே அவுட்.

ராமானுஜன் நோட்டைத் திறந்து விளக்க ஆரம்பித்தார். ஏதோ அசாதாரணமான விஷயம் இருக்கிறது என்று ராவுக்குத் தோன்றியது. ஆனால் இந்த ஆள் பேசுவது அர்த்தமுள்ளதா, பிதற்றலா என்று தீர்மானிக்கும் அளவுக்குத் தன்னிடம் கணித அறிவு இல்லை என்பதும் புரிந்தது. தெரிந்தமாதிரி நடிக்காமல், முடிவைத் தள்ளி வைத்து, மறுபடி வரச் சொன்னார்.

ராமானுஜன் மறுபடி போனார். இந்த இடத்தில்தான் திருப்பம். எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை முதல் சந்திப்பிலேயே அவர் எடை போட்டுவிட்டிருந்தார். இந்தத் தடவை எளிமையான முடிவுகளை முதலில் காட்டினார். அவையே அப்போது புத்தகங்களில் இருந்ததைத் தாண்டியவை. ராவுக்கு நம்பிக்கை வந்தது. அங்கிருந்து படிப்படியாக நீள்வட்டத் தொகையீடு, மிகைவடிவத் தொடர் என்று அழைத்துக்கொண்டு போய், கடைசியில் அதுவரை உலகுக்குச் சொல்லாத விரிதொடர்க் கோட்பாட்டைக் காட்டினார். ராவ் முழுவதுமாக மாறிவிட்டார்.

உனக்கு என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். இன்றைய இன்டர்வியூக்களில் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று வருமே, அந்தக் கேள்வி. ஆராய்ச்சியைத் தொடர முடிகிற அளவுக்கு, வயிற்றைக் கழுவ ஒரு சிறு தொகை போதும் என்றார் ராமானுஜன். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்.

முதல் சந்திப்பிலும் இரண்டாவது சந்திப்பிலும் அதே ராமானுஜன்தான், அதே நோட்டுதான். மாறியது சொல்லும் வரிசை ஒன்றுதான். முதலில் தனக்கு எது பெரிதோ அதிலிருந்து தொடங்கினார், கேட்டவருக்குப் பிடிபடவில்லை. பிறகு கேட்பவருக்கு எது புரியுமோ அதிலிருந்து தொடங்கினார். ராவுக்கும் இதில் பங்கு உண்டு. தனக்குப் புரியவில்லை என்பதற்காக எதிரில் இருப்பவனை நிராகரிக்காமல், இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தார். அப்படி ஒரு இன்டர்வியூ அதிகாரி கிடைப்பது அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம்.

போர்ட் டிரஸ்டுக்கு எழுதிய விண்ணப்பம்

அந்த 25 ரூபாயில் ராமானுஜனின் கணிதம் வளர்ந்தது. 1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. பெர்னூலி எண்கள் பற்றியது. அதாவது, இதுவரை கக்கத்தில் இருந்த நோட்டு இப்போது அச்சில் ஏறி நாலு பேர் பார்க்கும்படி ஆயிற்று. வேலை தேடுகிறவனுக்கு இது பெரிய பலம்.

ஆனால் ஒருவர் தயவில் நெடுநாள் வாழ அவருக்கு மனம் ஒப்பவில்லை. உதவித்தொகை வாங்கித் தர நடந்த முயற்சிகளும் பலிக்கவில்லை. 1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிக வேலை பார்த்தார். அப்போதுதான் போர்ட் டிரஸ்டுக்கு அந்த விண்ணப்பம் எழுதினார்.

திருவல்லிக்கேணியிலிருந்து எழுதிய அந்தக் கடிதம் சில வரிகள்தான். காலியிடம் இருப்பதாக அறிந்தேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று ஆரம்பம். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்று ஒரு வரி. அதன்பின் முழு நேரத்தையும் கணிதத்துக்கே கொடுத்து வந்திருக்கிறேன் என்று ஒரு வரி. இந்த வேலைக்கு நியாயம் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது, என்னை நியமிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று முடிவு.

படிப்பு பாதியில் நின்றதை அவர் மறைக்கவில்லை. அதற்காக ஒரு பக்கம் புலம்பவும் இல்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். அரியர் வைத்தவர்கள், ஒரு வருடம் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திணறும் இடம் இது. ராமானுஜன் அதைக் கடந்துபோன விதம் இன்றைக்கும் எடுபடும்.

கடிதத்தோடு ஒரு சிபாரிசும் இணைத்திருந்தார். மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்தது. கணிதத்தில், குறிப்பாக எண்கள் சம்பந்தப்பட்ட வேலையில், மிகவும் அசாதாரணத் திறமை உள்ள இளைஞர் என்பது அதன் சாரம். அதோடு நிற்காமல், கணக்கிடுவதில் இயல்பான திறன் உண்டு, கூட்டல் கழித்தல் வேலையில் மிக வேகம் என்றும் எழுதினார். முதல் பகுதி ஒரு கணித மேதையைப் பற்றியது. இரண்டாவது பகுதி ஒரு கணக்குப் பிரிவு குமாஸ்தாவைப் பற்றியது. காலியாக இருந்தது குமாஸ்தா வேலை! ஆளைத் தெரிந்து எழுதும் சிபாரிசும், வேலையையும் தெரிந்து எழுதும் சிபாரிசும் வேறு வேறு. மிடில்மாஸ்ட் எழுதியது இரண்டாவது வகை.

1912 மார்ச் 1 அன்று ராமானுஜன் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை குமாஸ்தா. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

பத்துப் படி எழுதச் சொன்னவர்

போர்ட் டிரஸ்ட் தற்செயலாக அமைந்த இடம் இல்லை. அங்கே கணக்குப் பிரிவில் உயர் பொறுப்பில் இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதச் சங்கத்தைச் சேர்ந்தவர். போர்ட் டிரஸ்டின் சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு எஞ்சினியர். கணிதத்தின் மதிப்பு தெரிந்த மேலதிகாரிகள் என்பதால் அலுவலக வேலை முடிந்த நேரத்தில் ராமானுஜன் தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை.

இரவு நேரங்களில் நாராயண ஐயரும் ராமானுஜனும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். நாராயண ஐயர் நன்றாகக் கணிதம் தெரிந்தவர்தான். அவருக்கே ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவியது புரியவில்லை. எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், என் நிலைக்கு இறங்கி வந்து இரண்டு வரிக்கு நடுவே பத்துப் படியாவது எழுது என்று வற்புறுத்தினார்.

முடிவை மட்டும் எழுதும் பழைய பழக்கம் பாடாய்ப்படுத்தப் போகிறது என்று முன்னால் சொன்னது இதைத்தான். தனக்குத் தெரிந்தது வேறு, தெரியும் என்று பிறருக்குக் காட்டுவது வேறு. இரண்டாவதை ராமானுஜன் கல்லூரியில் கற்கவில்லை. ஓர் அலுவலகக் கணக்குப் பிரிவின் மேலதிகாரியிடம் சிலேட்டில் கற்றார். முழுதாகக் கற்றார் என்றும் சொல்ல முடியாது. ஹார்டி கடைசிவரை அவரிடம் நிரூபணம் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

திரும்பி வந்த கடிதங்கள்

சென்னையில் இதற்கு மேல் மதிப்பிடக்கூடியவர்கள் இல்லை என்று தெரிந்ததும் இங்கிலாந்துக்கு எழுத ஆரம்பித்தார்கள். முதல் முயற்சியை எடுத்தவர் சென்னை எஞ்சினியரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித். 1912 நவம்பரில் லண்டனில் இருந்த தன் பழைய பேராசிரியர் ஹில்லுக்கு ராமானுஜனின் வேலைகளை அனுப்பினார். டிசம்பரில் பதில் வந்தது. கணிதத்தில் நாட்டமும் ஓரளவு திறமையும் இருக்கிறது, ஆனால் விரிதொடர்களின் படுகுழியில் விழுந்துவிட்டார், இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும் என்று சொல்லியிருந்தார். 1+2+3 என்று முடிவில்லாமல் போகும் கூட்டல் −1/12 என்று எழுதியிருந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? அதற்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. அந்த அர்த்தத்தை ராமானுஜன் எழுதவில்லை. மறுபடியும் அந்த விட்டுப்போன பத்துப் படிகள்!

கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு முன்பு வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கும் எழுதினார். இருவரிடமிருந்தும் பயனில்லை. மூன்றாவதாக எழுதியதுதான் 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம்.

அதன் ஆரம்பத்தைப் பாருங்கள். தான் சென்னை போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் வருடம் 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா, வயது சுமார் 23, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, ஆனால் தனக்கென்று ஒரு பாதையில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். இதில் இரண்டு விஷயம் உதைக்கிறது. அப்போது அவருக்கு வயது 25. சம்பளமும் அப்படித்தான். மாதம் 30 என்றால் வருடம் 360 ரூபாய். ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய விகிதப்படி 24 பவுன் வர வேண்டும். உலகமே வியக்கும் கணிதம் போட்டவர், வயதையும் சம்பளத்தையும் மட்டும் குறைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்! இன்றைய கம்பெனிகளின் பின்னணிச் சரிபார்ப்பில் இது மாட்டிக்கொள்ளும் என்பதால் இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

அறிமுகத்துக்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள். ஹார்டி முதலில் இது ஏமாற்று வேலையோ என்று நினைத்தார். அன்றிரவு நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து பார்த்தபோது கருத்து மாறியது. சில சூத்திரங்கள் உண்மையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் பொய்யாக இவற்றைக் கற்பனை செய்யும் திறமை யாருக்கும் இருக்க முடியாது என்பது ஹார்டியின் வாதம். பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார்.

ராமானுஜன் பிப்ரவரி 27 அன்று எழுதிய மறுபதிலில் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். மூளையைக் காப்பாற்ற வயிற்றுக்குச் சோறு வேண்டும், அதுதான் இப்போதைய முதல் கவலை, உங்களிடமிருந்து பரிவான ஒரு கடிதம் வந்தால் இங்கே உதவித்தொகை பெற உதவும் என்பது அதன் சாரம். உலகப் புகழ்பெற்ற கணிதக் கடிதப் போக்குவரத்தின் நடுவில் ஒரு வேலை தேடும் இளைஞனின் குரல் இது.

75 ரூபாய்

இதே நேரத்தில் சென்னையிலும் காரியம் நடந்தது. வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநர் கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது ராமானுஜனின் வேலைகளை அவரிடம் காட்டினார்கள். வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். இது தன் துறை இல்லை, ஆனால் இதன் புதுமை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஃபெலோ ஒருவரின் வேலைக்கு ஈடானது என்று கருதி, பல்கலைக்கழகம் இவருக்கு உதவ வேண்டும் என்று 26-ம் தேதி பதிவாளருக்கு எழுதினார்.

பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையா? விதி இடம் கொடுக்கவில்லை. வாதம் நடந்தது. கடைசியில் விதியை வளைத்து 1913 மே 1 முதல் இரண்டு வருடத்துக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். இரண்டு முறை எஃப்.ஏ. தவறியவரைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி மாணவராக ஏற்றது. போர்ட் டிரஸ்ட் அவரை ராஜினாமா செய்யச் சொல்லவில்லை, சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது.

1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் செலவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் வருடம் 250 பவுன் கொடுத்தது. அதில் ஒரு பகுதி கும்பகோணத்தில் இருந்த குடும்பத்துக்கு. டிரினிட்டி கல்லூரி கூடுதலாக 60 பவுன் கொடுத்தது. 25, 20, 30, 75, பிறகு 250 பவுன். நான்கு வருடத்தில் அவர் ஏறிய படிகளை ரூபாய்க் கணக்கில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

எல்லோருக்கும் திறந்த கதவா?

இந்தக் கதையை முயற்சி திருவினையாக்கும் என்று முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

ராமானுஜன் ஏழை. ஆனால் அவர் தட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் பலர் அவரைப் போலவே பிராமணர்கள். ராமசாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர். அது தற்செயல் இல்லை. 1912-ல் சென்னை மாகாண மக்கள்தொகையில் சுமார் 3 சதவீதமாக இருந்த பிராமணர்கள் டெபுடி கலெக்டர் பதவிகளில் 55 சதவீதத்தையும், மாவட்ட முன்சீப் பதவிகளில் 70 சதவீதத்துக்கு மேலும் வகித்தார்கள். அவர்கள் ராமானுஜனிடம் பார்த்தது சாதியை என்று சொன்னால் அநியாயம். நோட்டைத்தான் பார்த்தார்கள். ஆனால் நோட்டைக் காட்டும் தூரத்துக்கு ஒருவன் வந்து சேர வேண்டுமே! அதே திறமையோடு அதே வருடம் ஒரு சேரியில் பிறந்த பையன் டெபுடி கலெக்டர் வீட்டுத் திண்ணை வரை வந்திருக்க முடியுமா? அந்தப் பையனுக்கு அந்த நோட்டு கையில் கிடைத்திருக்குமா?

இந்தக் கேள்விதான் பின்னால் அரசியலாயிற்று. 1921-ல் நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி அரசாணை வந்தது. 1929-ல் சென்னைப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இந்தியாவில் ஒரு மாகாணத்தில் இப்படி அமைந்த முதல் ஆணையம் அதுதான். இன்றைய டி.என்.பி.எஸ்.சி.யின் மூதாதை. யாரைத் தெரியும் என்பது போய், என்ன தெரியும் என்பது வர வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. சிபாரிசுக் கடிதம் மட்டுமே வழி என்றால் ஆளைத் தெரியாதவனுக்குக் கதவு திறக்காது. தேர்வு மட்டுமே வழி என்றால் ராமானுஜனுக்குக் கதவு திறக்காது. எஃப்.ஏ. தேர்வு அவரை இரண்டு முறை வெளியே தள்ளியதே! பொதுவான தேர்வு வேண்டும், அது இல்லாமல் நியாயம் இல்லை. அதோடு, தேர்வில் அகப்படாத திறமையைக் கையில் வாங்கிப் படித்துப் பார்க்கும் ஒரு மனிதனும் வேண்டும். சென்னை மாகாணம் 1912-ல் இரண்டாவதை ஒரு சிலருக்கு மட்டும் வைத்திருந்தது. முதலாவதைப் பிற்பாடுதான் கட்ட ஆரம்பித்தது. இரண்டும் சேர்ந்து எல்லோருக்கும் கிடைக்கும் நாள் இன்னும் வரவில்லை.

வேலை தேடுகிறவர்களுக்கு

யாரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது. ஆனால் அவர் வேலை தேடிய விதத்தில் எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு.

1. கையில் ஏதாவது செய்த வேலை இருக்கட்டும். மார்க் ஷீட் தோற்ற இடத்தில் நோட்டுப் புத்தகம் பேசியது.

2. அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவரைத் தேடிப் போங்கள். வேலை தராதவரிடமும் அடுத்த கதவுக்கு வழி கேளுங்கள்.

3. இன்டர்வியூவில் கேட்பவருக்குப் புரியும் இடத்திலிருந்து தொடங்குங்கள். பெரிய விஷயத்தை அப்புறம் காட்டலாம். நடுவில் உள்ள படிகளை விழுங்காதீர்கள்.

4. தோல்வியை மறைக்க வேண்டாம், நீட்டவும் வேண்டாம். ஒரு வரி போதும்.

5. சின்ன வேலை என்று ஒதுக்க வேண்டாம். அந்த 30 ரூபாய் மேஜையில் இருந்துதான் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் போனது.

நாளைக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. சவரம் செய்யாத முகத்தோடு ஒருவன் வந்து, சொல்வது எதுவும் புரியாமல் போனால், ராமச்சந்திர ராவ் செய்ததைச் செய்யலாம். இன்னொரு நாள் வரச் சொல்லலாம்.

ராமானுஜன் 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். அதே வருடம் டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்தது. 1919-ல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானபோது அவருக்கு வயது 32. அந்த 32 வருடத்தில் வயிற்றுப் பிழைப்புக்காக அலைந்த காலம் கணிசமானது. இன்னும் கொஞ்சம் முன்னதாக யாராவது ஒருவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்திருக்கலாம்.